1840இல் நிற்பவர்கள்

ஸ்காட்லாந்தின் அந்தக் கடற்கரையில் வாடகைக்குக் கிடைக்கும் கண்ணாடியை அணிந்தால் 1840ஆம் ஆண்டு தெரியும்: புல்வேய்ந்த கல்வீடுகள், ஹெர்ரிங் மீனை அறுத்து உப்பிடும் பெண்கள், அகன்ற மணல்வெளி. அந்த மணலை இப்போது நாளுக்கு இருமுறை கடல் மூடிவிடுகிறது என்பதைக் கண்ணாடி காட்டாது. அதை எடுத்துச் சொல்வதுதான் குளச்சல்காரரான கிளீட்டஸின் வேலை.

முன்பெல்லாம் அவரையும் கண்ணாடி காட்டாது. நிகழ்காலத்தவர் என்று அழித்துவிடும். அவர் மூன்று முறை மனு எழுதிய பிறகு நிர்வாகம் அவருக்குப் பழங்கால மீனவர் உடை கொடுத்து, உருவத்தையும் குரலையும் காட்சியில் சேர்த்தது. அன்றிலிருந்து, கடல் ஏறுகிறது என்று அவர் ஆங்கிலத்தில் கத்தும்போதெல்லாம் மக்கள் கைதட்டுகிறார்கள்.

இன்று ஒரு தம்பதி முழங்காலளவு நீரில் நின்று கைதட்டினார்கள்.

"நடிப்பு பிரமாதம்ல?" என்றாள் மனைவி, தமிழில்.

"காலெல்லாம் சில்லுனு இருக்கு பாரு. அதைக்கூட எப்படியோ பண்ணியிருக்கான்!" என்றார் கணவர்.

கிளீட்டஸ் நீரில் இறங்கி அவர்களை நோக்கி நடந்தார். "ஓய், கண்ணாடியக் கழத்தும்! நடிப்புமில்ல, ஒரு மண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் ஏறிச்சுன்னா ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போயிரும்!"

அந்த ஆண்டில், அந்தக் கரையில் தமிழுக்கு இடமில்லை என்பது இருவருக்கும் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார்கள். சுற்றிலும் கடல். மனைவி அலறினாள். கணவரின் முகமோ மலர்ந்தது.

"அட, நம்மாளு! சாருக்கு எந்த ஊரு?"

கிளீட்டஸ் அவருடைய காலரைப் பற்றினார்.

"கரைக்கு வாரும், சொல்லுதேன்."