வீட்டின் முதல் பட்டதாரி

"கையெழுத்துப் போடு கமரு. சார் எவ்வளவு நேரம்தான் டீயை ஆத்திக்கிட்டே உட்கார்ந்திருப்பார்?" என்றார் சித்தீக்.

மணி ஏழரை. அவர் மனைவி கமருன்னிஸா வழக்கம்போல் எழுந்து, தொழுது, வாசலைப் பெருக்கி, இடியாப்பம் பிழிந்து முடித்திருந்தாள். பேனாவை மட்டும் தொடவில்லை.

மகள் ஃபஹ்மிதாவுக்குக் கவுன்சிலிங்கில் ஃபுட் டெக்னாலஜி கிடைத்திருந்தது. மளிகைக்கடை வருமானத்தில் அந்தக் கட்டணம் கட்ட முடியாது. உதவித்தொகை தேடி ஒரு மாதமாக வலங்கைமான் கம்ப்யூட்டர் சென்டரில் குடியிருந்தார் சித்தீக். ஒன்றுக்கு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இன்னொன்றுக்குக் கடைசி நாள் முந்தாநாளே முடிந்துவிட்டது. மிஞ்சியது முதல் பட்டதாரிச் சலுகை. வீட்டில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதை விசாரிக்கத்தான் வி.ஏ.ஓ. ஸ்ரீநிவாசன் வந்து உட்கார்ந்திருந்தார். உறுதிமொழியில் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

"வீட்டுல யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா பாய்?"

"டிகிரியா? காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டர்ல பார்ப்போம் சார்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார் சித்தீக். "நான் பத்தாவதோட துபாய்க்கு ஓடினவன். பதினாறு வருஷம் அங்கதான். இவளுக்குப் பன்னிரண்டாவது முடிஞ்ச கையோட நிக்காஹ்."

"வேற ஸ்காலர்ஷிப் தேடலாமேங்க" என்றாள் கமருன்னிஸா, சுவரைப் பார்த்தபடி.

"கேட்டீங்களா சார்? ஒரு வாரமா இதே பாட்டு. ஏன் கமரு, பொண்ணு கேட்டு வந்த கூத்தாநல்லூர் மாப்பிள்ளை வீட்டுக்கு ரகசியமா வாக்குக் குடுத்துட்டியா?"

"அத்தா, சும்மா இருங்க" என்றாள் ஃபஹ்மிதா.

சித்தீக் சும்மா இருக்கிற ஆளில்லை. "பொம்பளைப் பிள்ளைக்குச் சோறு வடிக்கத் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறா சார். ஃபுட் டெக்னாலஜின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? இட்லி மாவு ஏன் பொங்குது, சொல்லு பார்ப்போம். சூடு! நம்ம ஊரு சூடு!"

"பாக்டீரியாங்க."

"பாருங்க, டிவியில ஒரு வார்த்தை புடிச்சு வச்சிருக்கா."

ஸ்ரீநிவாசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபஹ்மிதாவின் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, நான் படிக்கக் கூடாதுன்னா நேராச் சொல்லிடு."

அதுதான் கமருன்னிஸாவைச் சுட்டது.

"யாருடி சொன்னா? மூணு டிரஸ்டுக்கு நானே எழுதிப் போட்டிருக்கேன். ஒண்ணுல வியாழக்கிழமை உன்னை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"நீ எழுதினியா?" சித்தீக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எந்த பாஷையில?"

"இங்கிலீஷ்லதான்."

சிரிப்பு பாதியில் நின்றது.

ஸ்ரீநிவாசன் டம்ளரைக் கீழே வைத்தார். "இவ்வளவு செஞ்சிருக்கீங்க. இந்த ஒரு கையெழுத்துல என்னம்மா தயக்கம்?"

"பொய்க் கையெழுத்தாப் போயிடும் சார். இவங்க துபாய்ல இருந்தப்ப தபால்ல படிச்சு பி.எஸ்சி. நியூட்ரிஷன் முடிச்சுட்டேன்."

ஸ்ரீநிவாசன் படிவத்தை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சித்தீக் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கமரு?"

கமருன்னிஸா அன்றைக்கு முதல் முறையாகத் தலைகுனிந்தாள்.

"ரெண்டு மார்க்குல ஃபர்ஸ்ட் கிளாஸ் போயிடுச்சுங்க."