பயிற்சிக்கு வந்த பிள்ளை

"படிக்க வந்த பிள்ளைய பஞ்சு கூட்ட விடுறீகளே சார், இது ஞாயமா?"

அருப்புக்கோட்டை மில்லின் மேனேஜர் அறைக்குள் நுழைந்ததுமே தங்கமாரி கத்தினாள்.

மேனேஜர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெதுவா பேசுங்கம்மா. வேணி இங்க இன்டர்ன். ஒரு மில்லுல பயிற்சி எடுத்தாத்தான் காலேஜ்ல கிரெடிட் போடுவாங்க, டிகிரி கிடைக்கும். சம்பளம் கிடையாதுன்னு அங்கேயே சொல்லித்தான் அனுப்புறாங்க."

"பயிற்சின்னா ஆபீஸ் வேலைய கத்துக் குடுக்கணும். அது என்னடான்னா டீ கிளாஸ் கழுவுது, கக்கூஸுக்கு பினாயில் ஊத்துது. கண்ணால பாத்துட்டுத்தான் வாரேன். பி.காம் படிக்கிற பிள்ளைக்கு இதுல என்ன சார் படிப்பு?"

"எல்லா வேலையும் தெரிஞ்சிருக்கணும்ல?"

"அப்ப உங்க மகனையும் கூட்டியாந்து பினாயில் ஊத்தச் சொல்லுங்க!"

மேனேஜரின் குரல் கடுமையானது. "இங்க பாருங்க, மார்க் போடப்போறது நான். நீங்க இப்படிச் சண்டை போட்டா உங்க பொண்ணுக்குத்தான் நஷ்டம்."

"எம் பொண்ணா? அது எந்த ஊருப் பிள்ளைன்னே எனக்குத் தெரியாது."

மேனேஜர் அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்க யாரும்மா?"

"ஆறு வருசமா இந்த மேசைய தொடச்சு, உங்களுக்கு டீ கொண்டாந்து வச்சவ சார். காலேஜுப் பிள்ளைக சும்மாவே செய்யுதுக, இனிமே நீ வர வேணாம்னு போன வாரம் நிறுத்துனீகளே, அவதான்."