கானுக்குள் போன பால்

"நில்லுங்கோ! அது என்ர பிள்ளைக்கு வந்த பால்!"

ஐவி டீச்சர் கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் சுகாதார இன்ஸ்பெக்டர் வாளியைக் கவிழ்த்துவிட்டார். அவ்வளவு பாலும் நுரையோடு தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் போனது.

மைமூனா முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் இல்லாதவள். சூசைப்பிள்ளை முதலாளியின் மாட்டைப் பங்குக்கு வளர்த்து, அந்தப் பாலில்தான் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள்.

"என்ன குற்றம் செய்தவ?"

"பச்சைப் பால் விக்க லைசென்ஸ் இல்லை."

"மூண்டு வருஷமா விக்கிறா. இண்டைக்குத்தானோ உங்கட சட்டம் நித்திரையால எழும்பினது?"

"நாளைக்கு மாட்டு டொக்டர் வந்து மாட்டையும் பார்ப்பார்," என்று மட்டும் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறினார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் பால்மா டின்னைக் கண்டு ஒரு மாதம். அவளுடைய பிள்ளை எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறது. கன்று குடித்துவிட்டது என்று இரண்டு நாளாய் மைமூனாவும் பால் தரவில்லை. இன்றைக்கு வந்ததையும் கொட்டியாயிற்று. பால்மாவைப் பதுக்குகிறவனைப் பிடிக்க ஆளில்லை, ஏழையின் வாளி என்றால் மட்டும் அரசாங்கத்துக்குக் கை நீளுமாக்கும்!

"ஆரோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் காட்டிக் குடுத்திருக்கிறான்," என்றார் கடை வாசலில் நின்ற முதலாளி. "ஏழை வயித்தில அடிக்கிறாங்கள் டீச்சர். அரசாங்க அதிபருக்கு ஒரு பெட்டிசம் எழுதுங்கோ!"

அவர் கடை மேசையிலேயே டீச்சர் ஒரு முழுப் பக்கம் எழுதினாள். ஏழு பேர் கையெழுத்து வைத்தார்கள். முதல் கையெழுத்து முதலாளியுடையது.

கடதாசியோடு நேரே மைமூனாவின் குடிசைக்குப் போனாள்.

"இதில கையெழுத்து வையும். காட்டிக் குடுத்தவன் ஆரெண்டு விசாரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறன்."

மைமூனா கையைப் பின்னுக்கு இழுத்தாள். "வேணாம் டீச்சர்."

"பயப்பிடாதையும். அவனைச் சும்மா விடமாட்டன்."

"அவனில்ல டீச்சர். நான்தான்."

டீச்சர் நீட்டிய கடதாசியைத் தாழ்த்தினாள்.

"மாடு மூணு நாளா இருமுது, அந்தப் பாலைக் குடிச்சா புள்ளைக்கும் நோய் தொத்தும். கண்டுக்குட்டி குடிச்சிட்டெண்டு உங்களுக்குப் பொய் சொல்லிப் பாலை ஊத்திப்போட்டன். நேத்து முதலாளி வந்து, 'நாளைக்கு நான் நிண்டு கறப்பிப்பன், விக்காட்டி மாட்டை அவிட்டுக்கொண்டு போயிருவன்' எண்டாரு. உங்கட புள்ளட முகம் கண்ணுக்குள்ளயே நிண்டுது. அந்திக்குப் போய் இன்ஸ்பெக்டர் ஐயாட காலப் புடிச்சன். லைசென்ஸைச் சாட்டிக் கொட்டிருங்க, நான் சொன்னதெண்டு தெரிஞ்சா முதலாளி என்னை விடமாட்டாரெண்டு சொன்னன்."

டீச்சரின் கையிலிருந்த கடதாசி கசங்கியது. அவளுக்குக் கோபம் தணியவில்லை. யார்மேல் என்றுதான் இப்போது தெரியவில்லை.

"அந்த மனுசனுக்கு மாட்டுக்குச் சுகமில்லையெண்டு விளங்கேல்லையோ? அவர் வீட்டிலயும் பால் குடிக்கிற பேரப்பிள்ளை இருக்குதே!"

மைமூனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவரு இருமல் கேட்ட அண்டைக்கே சொல்லிட்டாரு டீச்சர். 'எங்கட வீட்டுக்கு இனிப் பால் வேணாம், ஊருக்கு மட்டும் குடு' எண்டு."