ஊசி மேல் பழி

"ஏனப்பா காசிமாயா, ஊசியப் பல்லுல கடிச்சுத் துப்பறயா? இன்னைக்கும் ரெண்டு போச்சு!"

முதலாளி மகுடேஸ்வரன் போட்ட சத்தம் திருப்பூர் வீரபாண்டி நிட்டிங் யூனிட் முழுக்கக் கேட்டது. மிஷின் முன்னால் காசிமாயன் தலை குனிந்து நின்றான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், இப்போதுதான் மிஷினுக்கு வந்திருக்கிறான்.

ஊசி உடைந்தால் துணியில் கோடு விழும். கோடு விழுந்த துணியை எவன் வாங்குவான்?

"இன்னைக்கே இவனை ஊருக்கு அனுப்புங்க மச்சான்," என்றார் ஈஸ்வரமூர்த்தி. மகுடேஸ்வரனின் மைத்துனர், யூனிட்டில் பாதிப் பங்கும் அவருடையது.

லீவுக்கு வந்திருந்த மகுடேஸ்வரனின் மகள் தேஜஸ்ரீக்குப் பொறுக்கவில்லை. சென்னையில் உலோக ஆராய்ச்சி செய்கிற பெண். ஏழைக்கு அநீதி, எதிரே சொந்த அப்பா. விடுவாளா?

"தப்பு ஊசியோடதா இருந்தா என்ன பண்ணுவீங்கப்பா? ஸ்டீல் பூராவும் குட்டிக் குட்டி மணியா இருக்கும். மணியும் மணியும் ஒட்டற இடத்துல பாஸ்பரஸ் போய்ச் சேர்ந்துச்சுன்னா பட்டுனு உடையும். எங்க லேப்ல கண்டுபுடிச்சுரலாம்."

"எப்படி கண்ணு?"

"ஒரு துணுக்கை முடியை விட மெல்லிசாச் சீவி, கரண்ட் குடுத்து, அணு அணுவாப் பிச்சு, எது எங்க இருந்துச்சுன்னு எண்ணுவோம்."

"காதர்பேட்டையில பனியன் எண்ற மாதிரியா? எத்தனை நாளாகும்?"

"கியூ நிக்குதுங்கப்பா. நாலஞ்சு மாசம் ஆயிரும்."

மகுடேஸ்வரன் மீசையைத் தடவினார்.

"கொண்டு போ. மாப்ள, ரிப்போர்ட் வரட்டும். ஊசி மேல தப்பில்லீன்னா அன்னைக்கே இவனை அனுப்பிரலாம்."

பாதி வழக்கை ஜெயித்துவிட்ட மிதப்பில் ரயிலேறினாள் தேஜஸ்ரீ.

லேபில் முதல் இரண்டு துணுக்கும் கருவிக்குள்ளேயே உடைந்தன. சென்னைக்கு வந்தும் ஊசிக்குப் புத்தி மாறவில்லை. மூன்றாவதுதான் அடங்கி உட்கார்ந்து கணக்குக் கொடுத்தது.

ஐந்தாம் மாதம் படம் வந்தது. மணிகளின் ஓரமெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். பாஸ்பரஸ் சேரவே இல்லை. பத்தரைமாற்று ஊசி!

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. காப்பாற்றப் போனவளே அந்த மனுஷனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள். பொய் சொல்லவும் அவளுக்கு வராது. திருப்பூர் வரும்வரை கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை.

ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டு அப்பாவிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"ஊசி நல்ல ஊசிதாங்கப்பா. ஆனா அவரை அனுப்பிராதீங்க."

"ஊசி நல்லதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. நூல் அறுந்தா, ஆட்டுக்குட்டியக் கட்டற மாதிரி மொத்தமா முடிச்சுப் போட்டான். அது வந்து சிக்குனா எந்த ஊசி தாங்கும்?"

தேஜஸ்ரீ அறையின் கண்ணாடி வழியே பார்த்தாள். அந்தப் பக்கம் காசிமாயன் அறுந்த நூலை இருந்த இடம் தெரியாமல் முடிந்துவிட்டு மிஷினை ஓட்டினான். துணி கோடில்லாமல் இறங்கியது.

"தெரிஞ்சுமா ஊசியக் குடுத்து விட்டீங்க?"

மகுடேஸ்வரன் ரிப்போர்ட்டை மேசை டிராயருக்குள் தள்ளி மூடினார்.

"கை பழக அவனுக்கு நாள் வேணும் கண்ணு. உங்க மாமன் ஒரு நாள்கூடக் குடுக்க மாட்டான். உங்க லேப்புதான் அஞ்சு மாசம் குடுத்துச்சு!"