நண்டு தின்னும் கஸ்தூரி

கஸ்தூரி மூன்றாவது நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மாசிலாமணியின் கிண்ணத்தில் வெறும் ஜவ்வரிசிக் கஞ்சி.

வாசலில் நின்ற ஜெசிந்தாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

ஏரிக்கரை ஊரான பசியாவரத்தின் அங்கன்வாடிக்கு அவள்தான் டீச்சர். கஸ்தூரியின் பக்கத்து வீட்டு ருக்கு நேற்று வந்து சொன்னபோது அவள் நம்பவில்லை.

"ஆறு மாசமா அந்தாளு முடியாம கெடக்கறாரு. இவ தெனம் மீனும் முட்டையும் தின்னு உடம்பை ஏத்திக்கினு கீறா. அவருக்குக் கஞ்சியாம் டீச்சர்."

இப்போது கண்ணாலேயே பார்த்தாயிற்று.

"இன்னா கஸ்தூரி, போன வாரம் பொம்பளைங்களுக்கு நடத்தின சத்துணவு கிளாஸ்ல முன்னாடி வந்து குந்தினியே. நான் இன்னா சொல்லிக் குடுத்தேன்?"

கஸ்தூரி எழப் போனாள்.

"பரவால்ல, சாப்ட்டுக்கினே சொல்லு."

"மாவுச்சத்து, போட் மோட்டாருக்கு ஊத்தற டீசல் மாதிரி. கொழுப்பு, அவசரத்துக்குக் கேன்ல எடுத்து வைக்கற டீசல். புரதம்தான் போட்டோட உடம்பு. ஓட்டை விழுந்தா அதை வச்சுதான் அடைக்கணும்னு சொன்னீங்க."

"ஒரு வார்த்தை விடல. அப்போ ஓட்டை விழுந்த உடம்பு இங்க யாருது? அவருதா, உன்னுதா? அவர் கிண்ணத்துல ஒரு முட்டை கூட காணோம்?"

"அவருக்கு ஆவாது டீச்சர்."

"யாரு சொன்னது?"

"டாக்டர்தான். ரெண்டு கிட்னியும் கெட்டுப் போச்சு. புரதம் செரிச்ச கழிவை அதால வெளிய தள்ள முடியலையாம். அளந்துதான் குடுக்கணும்னாரு. தெம்புக்குச் சோறு, ஜவ்வரிசி, மேல எண்ணெய். காயைக்கூட வேக வச்சு, தண்ணிய கொட்டிட்டுதான் போடறேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. மெட்ராஸ் போகிற பஸ்ஸுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"தேறிடுவாரு. பொங்கல் கழிச்சு பாருங்க, அவரே போட் எடுப்பாரு."

இது ஜெசிந்தாவின் கிளாஸில் இல்லாத பாடம். ஆனாலும் அப்படியே திரும்பிப் போக மனசு வரவில்லை.

"சரி, அவரு தின்னக் கூடாது. ஒத்துக்கறேன். ஆனா அவரு மூஞ்சிக்கு நேரா குந்திக்கினு நீ ஏன் இப்படித் தின்ற? இந்த ஏரியில எறங்கிக் கையாலயே நண்டு புடிச்ச மனுஷன். குழம்பு வாசனை அவருக்கு வராதா? உள்ள போய்ச் சாப்ட்டா இன்னா கொறஞ்சு போவும்? மனசுன்னு ஒண்ணு வேணாமா?"

கஸ்தூரி நான்காவது நண்டை எடுத்தாள்.

மாசிலாமணி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான்தான் டீச்சர், அவள எதிர்ல குந்த வச்சிருக்கேன். என் கண்ணு மறைஞ்சா கொழந்தைங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டு, நானே தின்னேன்னு சொல்லிடறா. ரெண்டு மாசமா இதையே தின்னு அவளுக்குத் திகட்டிப் போச்சு."

"நீ சும்மா இருய்யா," என்றாள் கஸ்தூரி.

"இரு, ஊரு பேசறதைக் கேட்டுக்கினு எத்தினி நாளு இருக்கறது? டீச்சர், அவங்கம்மா வீட்டுக்குத் தெரிஞ்சா வந்து தடுத்துடுவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லாம வச்சிருக்கோம். நீங்களும் சொல்லிடாதீங்க."

ஜெசிந்தா புரியாமல் இருவரையும் பார்த்தாள்.

"உடம்புல ரத்தம் பத்தல, எடை பத்தல, தேத்திக்கினு வான்னு இவளை டாக்டர் திருப்பி அனுப்பிட்டாரு. தை மாசம் இவ கிட்னியில ஒண்ணை எடுத்து எனக்கு வைக்கப் போறாங்க."