நிறுத்தச் சொன்ன பிறகு

மாதவிடாய் நின்று ஆறேழு வருடம் கழித்து மறுபடி இரத்தம் பட்டதால் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள், வேல்ஸில் பஸ் ஓட்டும் கிளெனிஸ். கருப்பைக்குள் கேமராக் குழாய் நுழைந்ததும் அவள் இடுப்பு மேசையை விட்டு எழும்புகிறது. வீட்டில் போட்டுக்கொண்ட பாரசிட்டமால்தான் மொத்த மருந்தும். நர்ஸ் மாரெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "லீவுக்கு எங்க போற, கண்ணு?" என்று பேச்சுக் கொடுக்கிறாள். "ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்துகிறாள் கிளெனிஸ். நர்ஸின் முகம் மாறுகிறது. "டாக்டர், அவங்க நிறுத்தச் சொல்றாங்க." குழாய் வெளியே வருகிறது; கிளெனிஸ் கால்தாங்கிகளிலிருந்து கால்களை இறக்கிக்கொள்கிறாள். வெள்ளை விளக்கில் கிளெனிஸின் மேலுதட்டு வியர்வை மின்னுகிறது. "கேன்சர் டெஸ்டுக்கு இன்னும் சதை எடுக்கல. மயக்கம் குடுத்து எடுக்கலாம். ஆனா மூணு மாசம் காத்திருக்கணும்," என்கிறார் டாக்டர் தணிந்த குரலில். "அதுக்குள்ள கேன்சரா இருந்துட்டா?" ஜன்னலில் மழை தட்டுகிறது. கிளெனிஸ் நடுங்கும் கால்களைத் தன் கையாலேயே பிடித்து, ஒவ்வொன்றாகத் திரும்பவும் கால்தாங்கியின்மேல் தூக்கி வைக்கிறாள்.