இடக்கை

"என் நகத்து அழுக்கைப் பாக்கவா வெள்ளைக்காரன் டிக்கெட் வாங்கிட்டு வர்றான்?"

நாஃபியின் கைபேசியில் தன் இடக்கையைப் பார்த்துக் கும்பா அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

மாட்ரிட் புகைப்படக் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க அந்தக் கைதான். மீன் செதில் ஒட்டிய விரல்கள். கீழே ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் செனகல் கரையில் தூரம் போகிறவர்களுக்கு இடக்கை கொடுத்துத்தான் அனுப்புவோம். தப்பான கை. அந்தத் தப்பைச் சரிசெய்யவாவது ஆள் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

படகேறிய பிள்ளைகளை அனுப்பிவைத்த தாய்மார்களின் இடக்கைகளைத்தான் நாஃபி படம் பிடித்தாள். இதே தெருவில் பிறந்து மாட்ரிட்டில் குடியேறியவள். அந்தக் கைகள் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தன, பரிசு தந்தன. அங்கே ஒரு வீடும் தந்தன.

கும்பா அம்மா பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். ஸ்பெயினுக்குப் படகேறிய மகன் மத்தாரிடமிருந்து வருடக்கணக்காகத் தகவல் இல்லை. அங்கே எங்காவது இருந்தால் இந்தக் கையை வந்து பார்க்கட்டும்.

நாஃபி ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அவளுக்கும் இடக்கைதான் கொடுப்பார்.

சிரிப்பு அடங்கியது.

"வந்தானாடி?"

வரவில்லை. வந்தவர்கள் ஒயின் குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் கையை வைத்து இவ்வளவு சம்பாதித்துவிட்டு, இல்லை என்று நாஃபி எந்த வாயால் சொல்வாள்?

"வந்தான்மா. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னான். நல்லா இருக்கான்."

கும்பா அம்மா தரையைப் பார்த்தபடி இருந்தார். சந்தோஷத்தில் அழப்போகிறார் என்று நாஃபி நினைத்தாள்.

"வரலைன்னு சொல்லுவேன்னுதான் கேட்டேன். கடல் கொண்டு போயிடுச்சுன்னு போன நோன்புலதான் அவன் பேர்ல ஓதி, ஊருக்குச் சோறு போட்டேன். அழுது முடிச்சு இப்பத்தான் தூங்கவே ஆரம்பிச்சேன். உயிரோடதான் இருக்கானா? பெத்தவளுக்கு ஒரு போன் பண்ணத்தான் மனசில்லையா?"

நாஃபி பதறிப்போய், சொன்னது பொய் என்றாள். சத்தியம் பண்ணினாள். கும்பா அம்மா நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே விமானம்.

வாசலில் நாஃபி இடக்கையை நீட்டினாள்.

கும்பா அம்மா வலக்கையைக் கொடுத்தார்.